டெங்கு வந்து ஆறு மாதம் ஆகவில்லையா? ரத்த வங்கியில் மறைக்காதீர்கள்

இந்தியாவில் தானமாக வரும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்துக்கும் ஐந்து சோதனைகள் கட்டாயம்: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. டெங்கு, சிக்குன்குன்யா, ஜிகா எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைத் தடுக்க நம்மிடம் இருப்பது டோனரிடம் கேட்கும் கேள்விகள்தான்.

யார் ரத்தம் கொடுக்கலாம் என்று சொல்லும் தேசிய அளவிலான 2017 வழிகாட்டுதல்படி, டெங்கு அல்லது சிக்குன்குன்யா வந்தவர் முழுதாகக் குணமாகி ஆறு மாதம் கழித்தே ரத்தம் கொடுக்கலாம். ஜிகா என்றால் நான்கு மாதம். டெங்கு பரவும் பகுதிக்குப் போய் வந்தவர், காய்ச்சல் இல்லாவிட்டாலும் நான்கு வாரம் பொறுக்க வேண்டும். சரி, அந்தப் பகுதியிலேயே குடியிருப்பவர்? ரத்த வங்கி கவுன்ட்டரில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு ரத்த வங்கியில் பார்த்தேன். அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த பையனிடம், "பதிலுக்கு ஒரு யூனிட் கொடுத்தால்தான் ரத்தம்" என்றார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஊழியரே மளமளவென்று 'இல்லை' என்று டிக் அடித்து, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினார். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் பையன் சொன்னான்: "போன மாசம் டெங்குன்னு அஞ்சு நாள் அட்மிட் ஆகியிருந்தேன்ணே. சொன்னா அக்காவுக்குத் தர மாட்டாங்களே?" அவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சொன்னோம். முன்னாடியே சொல்ல மாட்டீர்களா என்று எங்கள் மேல்தான் எரிந்து விழுந்தார்கள்.

இப்படி நோயாளியின் ஆட்களிடம் பதிலுக்கு ரத்தம் கேட்கும் பதிலி டோனர் முறையைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று தேசிய ரத்தக் கொள்கை 2002லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் சொந்தக்காரர்களை விரட்டுகிறார்கள். விரட்டப்படுகிறவர் எப்படி உண்மை சொல்வார்? "ஆள் கொண்டுவந்தால்தான் ரத்தம் என்பதை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால், உரிமம் கொடுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதுங்கள். அது நடக்கும்வரை நோயாளி காத்திருக்க முடியாது என்பதால், பக்கத்தில் வேறெங்கு இருப்பு இருக்கிறது என்று ரத்த வங்கிகளின் இருப்பைக் காட்டும் அரசு இணையதளமான இ-ரக்த்கோஷில் பாருங்கள்.

படிவத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "சும்மா வைரல் காய்ச்சல்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், தேதியோடு டாக்டரிடம் சொல்லுங்கள். டெங்கு வைரஸ் காய்ச்சலுக்கு ஓரிரு நாள் முன்பே ரத்தத்தில் வந்துவிடும். அதனால் ரத்தம் கொடுத்த இரண்டு வாரத்துக்குள் உடம்பு சுட்டால், உடனே அந்த ரத்த வங்கிக்குப் போன் செய்யுங்கள். உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த பிளேட்லெட் ஐந்து நாளில் செலவாகிவிடும். சிவப்பணுப் பை 42 நாள் வரை தாங்கும், இன்னும் குளிர்பெட்டியிலேயே இருக்கலாம்; சொன்னால் யாருக்கும் ஏற்றாமல் நிறுத்த முடியும்.