நெத்திலிக் கருவாட்டில் ஒரு ஜப்பானிய சூப்

"ஜப்பான்காரங்க மாதிரி சாப்பிடணும்னு ஆசை மேடம், ஆனா மாசச் செலவு தாங்கல." என்னிடம் டயட் ஆலோசனைக்கு வரும் இளம்பிள்ளைகளில் பலர் இப்போது இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். என்னென்ன வாங்கினீர்கள் என்று கேட்டால் சால்மன், அவகாடோ, இறக்குமதி அரிசி, நோரி என்ற கடற்பாசித் தாள், மிரின் என்ற இனிப்பு அரிசி ஒயின் என்று பட்டியல் நீளும். ஓட்டல் மெனுவைப் பார்த்துப் போட்ட பட்டியல் அது. அதற்காக மற்ற நாட்களில் காய்கறியைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

ஜப்பானில் வீட்டுச் சாப்பாடு என்பது சோறு, ஒரு சூப், மீனோ முட்டையோ டோஃபுவோ (சோயா பன்னீர்) ஒன்று, ஓரிரு காய்கறி, கொஞ்சம் ஊறுகாய். கைச்செலவுக்குத் திண்டாடும் மாணவர்கள் அங்கே முட்டைக்கோஸ், முட்டை, டோஃபு, பயறு முளை இவற்றை வைத்தே சமாளிக்கிறார்கள். மோயாஷி என்ற அந்த முளை பெரும்பாலும் நம் பச்சைப்பயறிலிருந்து வருவதுதான். மீனிலும் அன்றாடத்துக்கு மத்தி, கானாங்கெளுத்தி வகைகள் உண்டு. நம் ஊர் மீன் மார்க்கெட்டில் விலை குறைவாகக் கிடைக்கும் இந்த இரண்டிலும் ஒமேகா-3 நிறைய இருக்கிறது. சால்மனுக்காக ஏங்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தச் சமையலின் ருசிக்கு அடித்தளம் டாஷி என்ற தெளிந்த சாறு. கொம்பு என்ற கடற்பாசியின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்ற பொருள் என்று ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908-ல் கண்டுபிடித்தார். காய்ந்த மீனின் ருசிக்குக் காரணமான இனோசினேட்டை அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா 1913-ல் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒன்று சேரும்போது ருசி பல மடங்கு கூடுகிறது. உப்பைக் குறைத்தாலும் சப்பென்று இருக்காது. பிரஷர் உள்ளவர்களுக்கு நான் டாஷியைச் சொல்லித்தருவதும் இதனால்தான்.

கொம்புவும் பொனிட்டோ என்ற காய்ந்த மீனின் சீவலும் இங்கே விலை அதிகம். ஆனால் ஜப்பானில் வீடுகளில் சின்ன நெத்திலிக் கருவாட்டிலும் டாஷி எடுப்பார்கள், அந்தக் கருவாட்டுக்கு நிபோஷி என்று பெயர். கடையில் உப்பு போடாமல் காயவைத்த நெத்திலியாகக் கேட்டு வாங்குங்கள். தலையைக் கிள்ளிவிட்டு, வயிற்றில் கருப்பாக இருப்பதை நகத்தால் நெம்பி எடுத்துவிடுங்கள். கசப்பு அதில்தான் இருக்கிறது. கழுவி, அரை லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 15 கிராம் போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு மூடாமல் அடுப்பில் வைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேலே திரளும் நுரையை எடுத்துக்கொண்டே ஐந்தாறு நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். இதில் தக்காளித் துண்டுகளைப் போட்டு வேகவைத்தால் கொம்புவின் வேலையைத் தக்காளி ஓரளவு செய்துவிடும், அதிலும் குளூட்டமேட் உண்டு. வடிகட்டிய நெத்திலியைக் கொட்டிவிடாதீர்கள், தொக்கில் சேருங்கள். நல்ல கால்சியம் அது. சைவக்காரர்கள் காளான், வெங்காயம், தக்காளி வைத்து எடுக்கலாம்.

இந்தச் சாறு இருந்தால் இரவுச் சாப்பாடு பத்து நிமிட வேலை. ஒரு பெரிய வெங்காயத்தை நீளமாக நறுக்கி, ஒரு டம்ளர் சாறு, ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி சர்க்கரை சேர்த்து வேகவிடுங்கள். மூன்று முட்டையை லேசாக அடித்து மேலே ஊற்றி மூடுங்கள். முட்டை முழுதாக வெந்ததும் சோற்றின் மேல் சரித்தால் இரண்டு பேருக்குப் போதும். பக்கத்தில் வதக்கிய முட்டைக்கோஸும் பயறு முளையும் வையுங்கள். அரிசிக்கு நம் பச்சரிசியைக் கொஞ்சம் குழைய வேகவைத்தாலே போதும். அங்கே ஒரு கிண்ணச் சோறு சுமார் 150 கிராம்தான். சுகர் உள்ளவர்கள் அந்த அளவையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி, எல்லோரிடமும் நான் அழுத்திச் சொல்வது. ஜப்பானிய உணவென்றாலே ஆரோக்கியம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜப்பானியர்கள் சராசரியாகச் சாப்பிடுவது ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு. மேலே சொன்ன ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. அதனால்தான் அந்தச் சமையலில் தனியாக உப்பே சேர்க்கச் சொல்லவில்லை. கப் நூடுல்ஸைச் சூப்போடு குடித்துவிட்டால் சிலவற்றில் ஒரு நாள் கணக்கே தீர்ந்துபோகும்.

இதை ஜப்பானே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. நாகானோ மாகாணத்தில் 1960-களில் பக்கவாதத்தால் இறந்தவர்கள் மிக அதிகம். சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் சூப்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்து காட்டினார்கள். சூப்பில் காய்களை நிறையப் போட்டுச் சாற்றைக் குறைக்கச் சொன்னார்கள். 2010 கணக்கில் ஆண், பெண் இரு பாலருக்கும் ஆயுட்காலத்தில் ஜப்பானிலேயே முதலிடம் அந்த மாகாணத்துக்கு. நீங்களும் மிசோ வாங்கினால் ஒரு நாளைக்கு ஒரு கிண்ணத்தோடு நிறுத்துங்கள்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கொம்புவை டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாள் அயோடின் தேவை 150 மைக்ரோகிராம். ஒரு கிராம் காய்ந்த கொம்புவில் 2000-க்கு மேலும் இருக்கலாம். நோரியில் இந்த அளவு கிடையாது.

சோற்றில் பச்சை முட்டை உடைத்து ஊற்றும் வீடியோவைப் பார்த்து இங்கே முயற்சி செய்யாதீர்கள். அங்கே பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே தேதி குறித்து விற்கிறார்கள், நம் கடை முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்காது என்பதற்கு அப்படி உத்தரவாதம் இல்லை. பச்சை மீனும் அப்படித்தான். ஒட்டுண்ணியைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வேண்டும். வீட்டு ஃப்ரீசர் அந்தக் குளிரைத் தொடர்ந்து தாங்குவது நிச்சயமில்லை, பாக்டீரியா அதிலும் சாகாது. மத்தி, கானாங்கெளுத்தி வாங்கினால் ஐஸோடு கொண்டுவந்து அன்றே சமையுங்கள். வெயிலில் கிடந்த மீனில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, படபடப்பு வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.