அழிக்க முடியாத கோப்பை அழிப்பது எப்படி?

‘பழைய கணினியில் பென்டிரைவ் மூலம் பப்பி லினக்ஸ் ஓட்டுகிறேன். மொத்த சிஸ்டமும் ராமில் ஏறித்தான் ஓடுகிறது என்கிறார்கள். ராமில் இருப்பது கணினியை அணைத்ததும் போய்விடுமே! நான் மாற்றிய வால்பேப்பர் மறுநாளும் எப்படி இருக்கிறது?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

பப்பி லினக்ஸ் என்பது 2003இல் ஆஸ்திரேலியாவின் பேரி காலர் தொடங்கிய சிறிய லினக்ஸ் இயங்குதளம். அதன் சிஸ்டம் முழுவதும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற வகையில் சுருக்கிய ஒரே பெரிய கோப்பாக பென்டிரைவில் இருக்கும். கணினி தொடங்கும்போது, இடமிருந்தால் அது அப்படியே ராமுக்குப் போகும். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. உள்ளே ஒரு எழுத்தைக்கூட யாராலும் மாற்ற முடியாது.

அப்படியானால் நாம் செய்யும் மாற்றமெல்லாம் எங்கே போகிறது? அந்தச் சுருக்கிய கோப்பை அடி அடுக்காக வைத்து, அதன் மேலே எழுதக்கூடிய இன்னொரு அடுக்கு விரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கோப்பைக் கேட்டால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் முதலில் மேலடுக்கில் தேடும். அங்கே இல்லையென்றால்தான் கீழே இறங்கும். கீழே இருக்கும் கோப்பைத் திருத்தப் போனால், அந்த நொடியில் அதன் நகல் ஒன்று மேலே ஏறுகிறது. திருத்தம் நகலில்தான் நடக்கும். மூலம் கீழே அப்படியே கிடக்க, நம் கண்ணுக்கு மேலே இருப்பது மட்டும் தெரியும். வால்பேப்பர் மாறுவதும் இப்படித்தான்.

சரி, கீழே இருக்கும் கோப்பை அழிக்க வேண்டுமென்றால்? அதை யாராலும் தொட முடியாது. மேலடுக்கிலோ அப்படி ஒரு கோப்பே இல்லை. ஆனாலும் நாம் அழித்ததும் அது காணாமல் போகிறது! நடப்பது என்னவென்றால், அழிப்பதற்காக ஒரு புதிய கோப்பு உருவாக்கப்படுகிறது. இந்த அடுக்குகளை ஒன்றாகக் காட்ட பப்பி நெடுங்காலம் பயன்படுத்திய ஏயூஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில், அதே பெயருக்கு முன்னால் புள்ளி, டபிள்யூ, ஹெச், புள்ளி என்று சேர்த்து ஒரு வெற்றுக் கோப்பு மேலடுக்கில் பிறக்கும். இதற்கு ஒயிட்அவுட் என்று பெயர். தேடி வரும் கர்னல் இதைப் பார்த்ததும், கீழே இறங்காமல் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று சொல்லிவிடும். கீழே இருக்கும் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்று உருவாக்கினாலும் சிக்கல் வராது. பழைய ஃபோல்டரில் இருந்தவை புதியதற்குள் எட்டிப் பார்க்காதபடி மறைக்க அதற்கென்று தனி அடையாளக் கோப்பு உண்டு. இல்லாமை என்பதையே ஒரு பொருளாக எழுதி வைக்கலாம் என்று முதலில் யோசித்த மூளையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இந்த மேலடுக்கை மறுநாளுக்குக் கொண்டுபோவதுதான் அடுத்த வேலை. பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 வடிவத்தில் இருக்கும். லினக்ஸுக்குத் தேவையான உரிமை, அனுமதி விவரங்களை அதில் எழுத வழியில்லை. அதனால் பென்டிரைவில் ஒரே ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, அதற்குள் முழு லினக்ஸ் கோப்பு முறையையே பப்பி அமைத்துக்கொள்கிறது. மேலடுக்கைத் தாங்கும் இதுதான் சேமிப்புக் கோப்பு. ஃபேட்32இல் எந்தக் கோப்பும் 4 ஜிபியை எட்ட முடியாது என்பதால், அதற்குள்தான் இதன் அளவும்.

பென்டிரைவின் நினைவகத்தைக் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் அழித்து எழுத முடியாது. ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் உடனே எழுதினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் பப்பி ராமில் மூன்றாவது அடுக்கு ஒன்றை வைத்து மாற்றங்களைச் சேர்த்துக்கொள்கிறது. பிறகு அவ்வப்போதும், அணைக்கும்போதும் அவற்றைச் சேமிப்புக் கோப்பில் இறக்குகிறது. வழக்கமான இடைவெளி 30 நிமிடம். நடுவில் கரண்ட் போனால் கடைசியாகச் செய்தது போய்விடும். முக்கியமான வேலை முடிந்ததும் திரையில் இருக்கும் ‘சேவ்’ படத்தை ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

இறக்கும் இடத்திலும் ஒயிட்அவுட்டைக் கவனமாகக் கையாள வேண்டும். அழித்த கோப்பு சேமிப்புக் கோப்பில் மட்டும் இருந்தால், அதை நிஜமாகவே அழித்துவிடலாம். ஒயிட்அவுட்டும் தேவையில்லை. அடியிலுள்ள ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸிலும் இருந்தால் ஒயிட்அவுட்டைச் சேமிப்புக் கோப்பிலேயே வைத்தாக வேண்டும். இல்லையென்றால் அழித்த கோப்பு மறுநாள் உயிரோடு வந்து நிற்கும்.

டைனி கோர் லினக்ஸ் என்ற இன்னொரு சின்ன இயங்குதளம் வேறு வழியில் போகிறது. பட்டியலில் நாம் குறித்துவைத்த ஃபோல்டர்களை மட்டும் அணைக்கும்போது சுருக்கிக் கட்டிவைத்து, அடுத்த முறை பிரிக்கும். எளிமைதான், ஆனால் பட்டியலில் இல்லாதது போனது போனதுதான்.

அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எரெஸ் சடோக் குழு உருவாக்கிய யூனியன்எஃப்எஸ்தான் லினக்ஸில் இந்த அடுக்கு முறையைப் பரவலாக்கியது. அதுவும் சரி, பின்னால் வந்த ஏயூஎஃப்எஸ்ஸும் சரி, லினக்ஸின் அதிகாரபூர்வக் கர்னலில் இடம் பெறவே இல்லை. இடம் கிடைத்தது 2014இல் வந்த ஓவர்லேஎஃப்எஸ்ஸுக்குத்தான். இன்று மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் கன்டெய்னர்களும், ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் போட்ட ரவுட்டர்களும் அதில்தான் ஓடுகின்றன. ‘உடனே என்ன பயன்?’ என்று கேட்டுவிட்டுத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் தருவோம் என்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

வாசகருக்கு ஒரு பயனுள்ள தகவல். பப்பியோடு வந்த மென்பொருளை நீக்கினால் பென்டிரைவில் இடம் மிச்சமாகாது. ஒயிட்அவுட்கள் சேர்வதால் இன்னும் கொஞ்சம் செலவாகத்தான் செய்யும். முக்கியமான எதையாவது தவறுதலாக அழித்துவிட்டால் பயப்பட வேண்டாம். சேமிப்புக் கோப்பை ஏற்றாமல் பப்பியைத் தொடங்குங்கள். அப்புறம் அந்தக் கோப்பைத் திறந்து, உரிய ஒயிட்அவுட்டை மட்டும் நீக்கிவிட்டு வழக்கம்போலத் தொடங்கினால், அழித்தது பழைய இடத்திலேயே இருக்கும்.