கடல் திரும்பிய பிறகு ஆட்கள் எப்படித் திரும்புகிறார்கள்?

ஒரு நகரத்தின் சனத்தொகைக் கணக்கில் வரவு இரண்டு, செலவு இரண்டு. பிறப்பும் குடிவருகையும் கூட்டும். இறப்பும் வெளியேற்றமும் கழிக்கும். பேரழிவு என்றதும் நமக்கு இறப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் எண்ணிக்கையை ஆட்டிவைப்பது வெளியேற்றம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இடம்பெயர்ந்தவர்களோ ஐந்து இலட்சம் அளவில். திருகோணமலைக் கரையோரம் மறுபடி நிரம்புமா என்று கேட்டால், போன சனம் திரும்பி வருமா என்றுதான் பார்க்க வேண்டும்.

வீடு கட்டிக் கொடுத்தால் வந்துவிடுவார்கள் என்று நினைப்போம். ஆனால் வீட்டுக்கும் முந்தியது கிணறு. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி, குச்சவெளிப் பக்க மணல் நிலத்தில் மழைநீர் கீழே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, அதனால் கலக்காமல் மேலேயே நிற்கும். சுனாமி அதன் தலையில் கடலை ஊற்றியது. கிழக்குக் கரையெங்கும் மோட்டர் வைத்துக் கிணறு இறைத்தார்கள். சேற்றை எடுக்க ஒருமுறை இறைப்பது சரி. அப்புறமும் விடாமல் இறைத்தால், மேலே உள்ள நன்னீர் மெலிந்து அடி உப்பு ஏறிவிடும். நல்லதென்று செய்தது கேடாகும். உப்பைக் கழுவ மாரிமழைதான் வேண்டும், அதுவும் ஒரே மாரியில் முடிகிற வேலையல்ல. அதுவரை பவுசர் (தண்ணீர் லொறி) வந்தால்தான் குடிதண்ணீர்.

அடுத்தது தொழில். வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள், தெற்கில் 100. பின்னர் அது தளர்த்தப்பட்டது. உள்ளே தள்ளிக் கட்டிய வீட்டில் மீனவக் குடும்பம் பாதுகாப்பாக இருக்கலாம். ஆனால் எஞ்சினையும் வலையையும் இரவில் யார் காப்பது? அதனால் ஆண்கள் கரையோர வாடியிலும் (மீனவர் குடிசை) குடும்பம் உள்ளே தள்ளிய வீட்டிலுமாகப் பிரிந்தால், பதிவேட்டில் ஒரு குடும்பம், நிலத்தில் இரண்டு இருப்பிடம்.

காணி உறுதியும் (நில உரிமைப் பத்திரம்) சிக்கல்தான். கிழக்கில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போவது. புதிய வீடுகளைப் பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயரில் எழுதினார்கள். இது சின்ன அலுவலகத் தவறு அல்ல என்பது என் எண்ணம். யார் எங்கே குடியிருப்பார் என்ற வழக்கத்தையே அது மாற்றிவிடும். வாடகைக்கு இருந்தவருக்கோ காட்ட உறுதியே இல்லை.

இன்னொன்று, அயலவர் வரட்டும் என்று ஒவ்வொரு வீடும் காத்திருக்கும். பள்ளிக்கூடம் திறந்து, கடை ஒன்று திறந்தால், திடீரென்று பல வீடுகளில் விளக்கெரியும்.

பிறப்பு மெதுவாகத்தான் கை கொடுக்கும். அதே சுனாமியில் சிதைந்த இந்தோனேசியாவின் ஆச்சேயில், பிள்ளையை இழந்த தாய்மார் மறுபடி பெற்றார்கள். சாவு அதிகமான ஊர்களில் மற்றப் பெண்களும் முந்தியே முதற்பிள்ளை பெற்றார்கள்.

1995இல் நிலநடுக்கம் கண்ட ஜப்பானின் கோபே நகரம் பழைய எண்ணிக்கையை எட்ட 2004 ஆயிற்று. ஆனால் மோசமாக எரிந்த நகாதா வட்டாரம் எட்டவில்லை. வேறு வட்டாரங்களுக்கு வந்தவர்கள்தான் மொத்தத்தை நிரப்பினார்கள்.

திருகோணமலையில் இப்படித் தெளிவாக அளக்க வழியில்லை. 1981 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் சுமார் 2 இலட்சத்து 56 ஆயிரம் பேர், 2012இல் சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம். இடையில் 2001இல் போரால் முழுமையாக எண்ண முடியவில்லை. 2006இல் அதே மாவட்டத்தின் மூதூர், சம்பூர்ச் சனம் சண்டையால் மறுபடி ஓடியது. 2012இன் எண்ணில் கடல் துரத்தியவர் எத்தனை, ஷெல் துரத்தியவர் எத்தனை என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது.