முள் இல்லாத கள்ளிதான் கண்ணைக் கெடுக்கிறது

ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடியை ஒழுங்குபடுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வாரங்களில் என் கிளினிக்குக்கு ஒரு கள்ளி கேஸாவது வந்துவிடும். போன முறை வந்தவர் காசிமேட்டு அம்மா ஒருவர். துணி காயப்போடும் கொடியில் திருகுக்கள்ளி இடிக்கிறதென்று நாலு கிளையை ஒடித்திருக்கிறார். வியர்வையைப் புறங்கையால் துடைத்திருக்கிறார், அவ்வளவுதான். சாயங்காலம் லேசான எரிச்சல். பன்னீர் விட்டுக்கொண்டு படுத்தவர், நடுராத்திரி வலி தாங்காமல் எழுந்துவிட்டார். காலையில் துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"முள்ளுகூட கெடையாதே டாக்டர், அது இன்னா பண்ணிடும்னு நெனச்சேன்."

சாயத்தாளைத் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழியின் கீழ்ப்பாதி பச்சையாக மின்னியது. மேல்தோல் உரிந்த இடத்தில்தான் அந்தச் சாயம் பிடிக்கும்.

கள்ளிப்பால் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ஆனால் நர்சரியில் அழகான தொட்டியில் 'யூபோர்பியா' என்று எழுதி விற்றால் அதே பால்தான் உள்ளே இருக்கிறது என்று தோன்றுவதில்லை. இத்தனைக்கும் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் திருகுக்கள்ளிக்கு வைத்த 'யூபோர்பியா திருக்கள்ளி' என்ற பெயரின் பின்பாதியே மலையாளக் கரையில் வழங்கியதுதான். கேக்டஸ் வேறு குடும்பம். அதன் முள் சின்னப் பஞ்சுத் திட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். யூபோர்பியாவில் அந்தத் திட்டு இருக்காது. கீறினால் வெள்ளையாகப் பால் வடியும். (சப்பாத்திக்கள்ளி பெயரில்தான் கள்ளி, இனத்தில் கேக்டஸ். இந்தக் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை.)

பால் பட்டவுடன் பெரிதாக வலிக்காமல் போகலாம். சில மணி நேரம் கழித்துத்தான் வலி, கூச்சம், மங்கல் எல்லாம் ஏறும். அதனால் எரிச்சல் லேசாக இருக்கும்போதே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கண்ணைத் திறந்து வைத்து, சுத்தமான தண்ணீரை 15, 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். தேய்க்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். அப்புறம் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். ராத்திரியானால் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு இருக்கிறது. ஒரு துண்டுக் கிளையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப்போனால் எங்களுக்கு வேலை பாதி குறையும்.

செடியை வளர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வீட்டிலும் ஒன்று நிற்கிறது. மணல் தூக்கலான மண், அடியில் ஓட்டை, நல்ல வெயில். மண் நன்றாகக் காய்ந்தபிறகு தண்ணீர். மழைக்காலத்தில் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்தாவிட்டால் அடித்தண்டு அழுகிவிடும். வெட்டுவதாக இருந்தால் கடற்காற்று எழும்புவதற்கு முன், காலையில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெட்டுங்கள். தலைக்கு மேலே இருக்கும் கிளையை அண்ணாந்து வெட்டாதீர்கள், சொட்டுவது நேரே கண்ணில்தான். வெட்டுவாயில் தண்ணீர் தெளித்தால் பால் நிற்கும். வெட்டிய கிளையை நட நினைத்தால் ஒரு வாரம் நிழலில் காயவிட்டு நடலாம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

அந்த அம்மாவுக்குப் பத்து நாளில் பார்வை தெளிந்தது. செடியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். திருஷ்டிக்கு வைத்தது, தூக்கிப்போட மனசு வரவில்லையாம். கொடியை எதிர்ச்சுவருக்கு மாற்றிக் கட்டிவிட்டார்.