தொற்று: சொல் விளக்கம்

திருநெல்வேலிப் பக்கம் ஆஸ்பத்திரி வார்டில் ஆப்பரேஷன் புண் ஆறாமல் சீழ் வைத்துவிட்டால் ‘இன்ஃபெக்‌ஷன் ஆயிட்டு’ என்பார்கள். ‘செப்டிக் ஆயிட்டு’ என்றும் சொல்வதுண்டு. தொற்று என்ற சொல் அந்த இடத்தில் பெரும்பாலும் வராது. தொற்று என்றால் அம்மை, கொரோனா, மெட்ராஸ் ஐ. புண் சீழ் வைத்தால் உடம்பு வாகு, சர்க்கரை, பத்தியம் தவறியது என்று பேச்சு போய்விடும். சர்க்கரை இருந்தால் புண் ஆற நாளாகும், சரி. ஆனால் சீழ் வைக்கக் கிருமி வேண்டும். அது நோயாளியின் தோலிலிருந்தே வந்திருக்கலாம். இன்னொருவர் கையிலிருந்தும், கட்டில் கம்பியிலிருந்தும் வந்திருக்கலாம். வார்டில் வேலை செய்கிற ஆயாம்மாவுக்கும், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணாச்சிக்கும், தூய்மைப் பணியாளருக்கும் இது தெரிந்தே ஆகவேண்டும்.

தொற்று என்பது வினை. பற்றிக்கொள், ஒட்டிக்கொள் என்று பொருள். காற்று காத்து ஆனதுபோல, நேற்று நேத்து ஆனதுபோல, பேச்சில் இது தொத்து. ஜங்ஷனிலிருந்து ஐகிரவுண்ட் போகிற பஸ்ஸில் கூட்டம் நெரிகிறபோது படியில் தொத்திக்கொண்டு போவார்களே, அதே தொத்துதான். ஏறுவதற்கு ஓர் இடம் வேண்டும், பிடிக்க ஒரு பிடி வேண்டும், இறங்க வேறோர் இடம் வேண்டும். கிருமியின் போக்கும் இப்படித்தான். பெரியவர்கள் வாயில் தொத்து வியாதி என்று வருவதும், மருத்துவத் துறை இன்று தொற்றா நோய் என்று சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் பிரிப்பதும் இந்த வினையை வைத்துத்தான். ஒட்டுவாரொட்டி என்று இன்னொரு பழைய சொல்லும் உண்டு. நெருங்கி ஒட்டுகிறவர்களை ஒட்டுவது என்று பிரித்துப் பார்த்தாலே பொருள் விளங்கிவிடும்.

இன்ஃபெக்‌ஷன் லத்தீனிலிருந்து வந்தது. மூலமான ‘இன்ஃபிசெரே’ என்ற வினைக்குத் தோய்த்தல், சாயம் ஏற்றுதல், கறைப்படுத்துதல் என்று பொருள். கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்துச் சொல் அது. கெட்ட காற்று உடம்பைக் கறையாக்கி நோய் தருகிறது என்றே அன்று நம்பினார்கள். 1847-இல் வியன்னாவில் பிரசவ வார்டைப் பார்த்துக்கொண்டிருந்த செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களையும் மாணவர்களையும் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். அதற்கு முன், அந்த ஏப்ரலில் நூற்றுக்குச் சுமார் 18 தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். ஜூனில் அது 2 அளவுக்கு இறங்கியது. இன்று நம் வார்டில் தரைக்கும் ரத்தக்கறைக்கும் ஊற்றுகிற பிளீச்சிங் கரைசல் அந்தக் குளோரின் வகைதான். அன்று அந்த வார்டில் நடந்ததைச் சொல்ல எனக்குத் தொற்று என்ற சொல்லே போதும்.

இதோடு ஒட்டி இன்னொரு சொல்லையும் பேசியாக வேண்டும்: தீட்டு. தீண்டு என்பதிலிருந்து வந்தது. தொற்றும் தீட்டும் இரண்டுமே தொடுகையைச் சுற்றி நிற்பதால் நம் மனதில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கலக்கவே கூடாது. தொற்று ஒரு பொருளிலோ கையிலோ இருப்பது. சோப்பும் தண்ணீரும் போட்டு 40 முதல் 60 விநாடி தேய்த்துக் கழுவினால் போய்விடும். தீட்டு ஆள்மேல் ஏற்றுவது. எந்தச் சோப்புக்கும் போகாது என்று ஏற்றியவர் சொல்லிக்கொள்வது. மலச்சட்டி எடுக்கிற ஆயாம்மாவுக்குத் தனி டம்ளர் வைக்கிற இடத்தில் நடப்பது தொற்றுத் தடுப்பு ஆகாது. டாக்டர் கழுத்தில் தொங்குகிற ஸ்டெதாஸ்கோப்பைத் துடைக்கிறார்களா என்று கேட்பதுதான் தொற்றுத் தடுப்பு.

தமிழில் எப்படி எழுதுவது? இன்ஃபெக்‌ஷனுக்குத் தொற்று. அதைத் தடுப்பது தொற்றுத் தடுப்பு, நடுவில் ‘த்’ போட்டு. தொற்றுக் கட்டுப்பாடு என்றும் எழுதுகிறார்கள். வந்தபின் அடக்குவது என்ற தொனி அதில் இருப்பதால் தடுப்பு என்பதையே நான் எடுப்பேன். கிருமிநாசினி வடசொல்தான், ஆனால் எல்லோருக்கும் புரிகிறது, இருக்கட்டும்.

மாற்றவேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ‘சுத்தம் பண்ணு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அழுக்கு நீக்குவது வேறு, கிருமி நீக்குவது வேறு, கத்தி கத்தரிக்கோலை ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்து ஒரு கிருமியும் மிஞ்சாமல் செய்வது வேறு. தரையில் ரத்தம் சிந்திக் கிடக்கிறது என்று வையுங்கள். மாப்பை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தால் பார்க்கச் சுத்தமாகிவிடும்; ரத்தமோ வார்டு முழுக்கப் பரவியிருக்கும். கையுறை போட்டு, மேலே பழைய துணியோ காகிதமோ போட்டு உறிஞ்சவிட்டு, 1 சதவீத ஹைப்போகுளோரைட் என்கிற குளோரின் கரைசலை ஊற்றிக் குறைந்தது 10 நிமிடம் விட்டு, அப்புறம் எடுத்து மஞ்சள் பையில் போடவேண்டும். கரைசலும் ஒரு தடவை போதாது. ரத்தமும் சளியும் குளோரினின் வீரியத்தைக் குறைத்துவிடும், அதனால் கறையை எடுத்தபின் அந்த இடத்தை இன்னொரு முறை அதே கரைசலால் துடைக்கவேண்டும். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் முறை மனதில் நிற்கும். வெறும் ‘இத்தனை மூடி ஊத்து’ என்று சொல்லிவிட்டுப் போனால் நிற்காது.

அறிவு இருந்தாலும் வாய் திறக்க முடியாத நிலை ஒன்று இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரைகளில் கான்ஃபிடன்ஸ் என்று வருவதைத் தன்னம்பிக்கை என்று மொழிபெயர்க்கிறார்கள். வார்டில் சொல்கிற சொல் தைரியம். ‘டாக்டர் கை களுவாம வாராவ, நான் எப்படிச் சொல்ல?’ என்கிற கேள்விக்குத் தைரியம்தான் பொருந்தும். எழுத்தில் துணிவு என்று வைக்கலாம்.

இந்தத் துணிவு மிகவும் வேண்டியிருப்பது ஊசி குத்திய நேரத்தில். குப்பை கட்டும்போது பைக்குள் கிடந்த ஊசி குத்திவிடும். வெள்ளை டப்பாவில் போடவேண்டிய ஊசியை யாரோ சிவப்புப் பையில் போட்டிருப்பார்கள், ஆனால் திட்டு விழுவது குத்துப்பட்டவருக்கு. அதனால் மறைத்துவிடுகிறார்கள். மறைக்க வேண்டாம். விரலைப் பிதுக்காமல், வாயில் வைக்காமல், சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவையென்றால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசியே இருக்கிறது, 6 மாதத்துக்குள் 3 தவணை. வேலைக்குச் சேர்ந்த உடனே அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள ஒவ்வொரு பணியாளருக்கும் உரிமை உண்டு, ஒப்பந்தத்தில் வந்தவராக இருந்தாலும்.