பரணில் இருந்து இறக்கிய பிரிண்டரை உடனே ஆன் செய்யாதீர்கள்

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் என்றதும் நகைக்கடை பில், லாரி புக்கிங் ஆபீஸ் ரசீது, வங்கி பாஸ்புக் இதெல்லாம்தான் நினைவுக்கு வரும். சென்னை ரிச்சி தெருவை ஒட்டி சர்வீஸ் பெஞ்சு போட்டிருக்கும் எங்களுக்கு அந்த வேலைதான் சோறு போடுகிறது. ஆனால் கொஞ்ச காலமாக வேறொரு ரகமும் பெஞ்சுக்கு வருகிறது. 1980களில் வீட்டுக் கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கிய பிரிண்டர்கள். எப்சன் எம்எக்ஸ்-80, எஃப்எக்ஸ்-80, கமடோர் எம்பிஎஸ்-801 போன்றவை. அப்பா பரணில் போட்டு வைத்திருந்தார் என்று சிலர் கொண்டு வருகிறார்கள். பழைய கம்ப்யூட்டர் சேகரிக்கும் இளைஞர்கள் சிலர் இணைய ஏலத்தில் எடுத்து அமெரிக்காவில் இருந்து வரவழைக்கிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை நாற்பது வருடம் பரணில் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. கீழே இறக்கிய அன்று மாலைதான் கெட்டுப் போயிருக்கின்றன. "ஓடுதான்னு பார்க்கலாம்னு பிளக்கைச் சொருகினோம் சார், டப்புன்னு ஒரு சத்தம்" என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு மேல் அவர்கள் சொல்ல வேண்டியதே இல்லை.

முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவுக்கென்று செய்த மாடல் 120 வோல்ட், ஜப்பான் உள்ளூர் மாடல் 100 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் வருவது 230. இன்றைய லேப்டாப் சார்ஜர் 100 முதல் 240 வரை எது வந்தாலும் ஏற்றுக்கொள்வதால், வோல்டேஜ் பார்க்கும் பழக்கமே நமக்கு விட்டுப் போய்விட்டது. பழைய பிரிண்டருக்குள் இருப்பதோ கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு மடங்கு வோல்டேஜ் ஏறினால் அது சூடாகி, அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸோடு நிற்கும். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரே கருகும். அதே அளவில் இன்னொன்று தேடிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. உறவினர் யாரோ வெளிநாட்டில் இருந்து கையோடு கொண்டு வந்த பிரிண்டர்களிலும் இதே சிக்கல் உண்டு. தகட்டில் 120 என்று இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

ஃபியூஸ் போய்விட்டால் செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் நம் ஊர் வைத்தியம் இங்கே வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் போனதற்கு உள்ளே ஒரு காரணம் இருக்கும். கம்பி சுற்றினால் அந்தக் காரணம் தன் வேலையை முழுசாக முடித்துவிட்டுத்தான் ஓயும். பெஞ்சில் நாங்கள் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில், அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே பிரிண்டருக்குப் போகும்படி, போட்டுத்தான் பழைய மெஷினுக்கு முதல் மின்சாரம் கொடுப்போம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பிரிண்டர் தப்பித்துவிடும். இதை வீட்டில் நீங்களே செய்து பார்க்கச் சொல்லவில்லை. மெயின்ஸ் பக்கம் கை வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் கொஞ்ச நேரம் சார்ஜ் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மின்சாரத்துக்கு முன்னாலேயே கையால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பிளக் இல்லாத நிலையில் மூடியைத் திறந்து, எழுத்தை அச்சடிக்கும் ஹெட் உட்கார்ந்திருக்கும் காரியேஜை மெதுவாக இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். லேசாக ஓட வேண்டும். பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகியிருந்தால் ஓடாது. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கத்து வீடுகளில் இருந்து வருபவற்றில் காரியேஜ் ஓடும் ராடே உப்புக்காற்றில் துரு ஏறியிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து, காய்ந்துவிட்டது என்று அப்படியே எடுத்து வைத்தவையும் வருகின்றன. அவற்றின் ஹெட் முனைக்குள் வண்டல் போய் உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்டதை ஆன் செய்தால் மோட்டார் முக்கி முனகி, அதை ஓட்டும் டிரைவர் சிப்பைச் சுட்டுவிடும். ராடைத் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கிரீஸ் பூசினால் நம் ஊர்த் தூசி எல்லாம் அதில்தான் வந்து ஒட்டும். உள்ளே எலிப் புழுக்கை, கரப்பான் முட்டை, எப்போதோ விழுந்த ஜெம் கிளிப் எல்லாவற்றையும் இதே நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

அடுத்து ரிப்பன், அதாவது மை தோய்த்த துணி நாடா. நான் பார்த்தவரை ஹெட்டைக் கொல்வதில் முதல் குற்றவாளி இதுதான். ஆனால் எல்லோரும் சந்தேகப்படும் கடைசி ஆளும் இதுதான்.

எம்எக்ஸ்-80 1980ல் வந்தது. ஹெட்டில் ஊசி போன்ற ஒன்பது பின் கம்பிகள், விநாடிக்கு 80 எழுத்து. ஐபிஎம் தன் முதல் பிசிக்கு இதையே தன் பெயர் ஒட்டி விற்றது. ஒன்பது கம்பிகளும் செங்குத்தாக ஒரே வரிசையில், அங்குலத்துக்கு 72 என்ற இடைவெளியில் நிற்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காயில். காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் பின் முன்னே பாய்ந்து, ரிப்பனை இடித்து, தாளில் ஒரு புள்ளி போட்டுவிட்டுத் திரும்பும். ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான முறை இது நடக்கும். அத்தனை வேகத்தில் உரசும் பின்னுக்கு வழவழப்பு எங்கிருந்து வருகிறது? ரிப்பன் மையில் இருக்கும் எண்ணெயில் இருந்துதான். மை காய்ந்த ரிப்பனில் அச்சு மங்கலாகத் தெரிகிறது என்பது சின்னப் பிரச்சினை. பின் வறண்டு ஓடித் தேய்கிறது என்பதுதான் பெரிய பிரச்சினை. மங்கலாக இருக்கிறதே என்று ஹெட்டைத் தாளுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளுவார்கள் சிலர். ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும், பக்கத்தில் இருக்கும் அந்த கேப் லீவர் தாளின் கனத்துக்காக வைத்தது, மங்கலுக்காக அல்ல. நெருக்கினால் பின் முழு வேகத்தில் ரோலரில் மோதி வளையும். வளைந்த பின் ரிப்பன் துணியில் மாட்டும், துணி கிழியும், கிழிசலில் அடுத்த பின் மாட்டும்.

மறு மை போடுவது இன்னொரு கதை. பழைய மாடல்களுக்குக் காட்ரிட்ஜ் கிடைப்பது கஷ்டம் என்பதால் ஸ்டாம்ப் பேட் மையை ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். அது ரப்பர் முத்திரைக்குச் செய்த மை, பின்னுக்கு வேண்டிய எண்ணெய் அதில் இல்லை. ஹெட் முனைக்குள் காய்ந்து, பின்னைப் பிடித்துக்கொள்ளும். டாட் மேட்ரிக்ஸ் ரிப்பனுக்கென்றே விற்கும் மையைத்தான் வாங்க வேண்டும். அல்லது இன்றைய மாடலின் புது ரிப்பன் துணியை எடுத்துப் பழைய காட்ரிட்ஜுக்குள் சுற்றலாம். துணியின் அகலம் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். சில காட்ரிட்ஜ்களில் துணி அரைத் திருப்பு திருப்பி ஒட்டியிருக்கும், மேல் பாதியும் கீழ் பாதியும் மாறி மாறித் தேயட்டும் என்று. அதைத் தவறுதலான முறுக்கு என்று நினைத்து நேராக்கிவிடாதீர்கள். ரிப்பன் கிடைக்கும் வரை சும்மா ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. ரிப்பன் இல்லாமலும் சரி, தாள் இல்லாமலும் சரி, ஒரு வரிகூட ஓட்டக் கூடாது.

சரி, ரிப்பனும் தாளும் போட்டாயிற்று. கம்ப்யூட்டரை இணைக்கும் முன் செல்ஃப் டெஸ்ட் எடுங்கள். எப்சனில் தாளை நகர்த்தும் எல்எஃப் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் தானாகவே எழுத்துகளை வரிசையாக அடிக்கும். எழுத்துகளின் குறுக்கே எப்போதும் ஒரே உயரத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் ஒரு பின் வேலை செய்யவில்லை. அந்தக் கோடு தாளின் இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் வரை பார்த்தால் சில இடங்களில் மட்டும் மறைகிறதா? அப்படியானால் ஹெட்டுக்குப் போகும் தட்டையான கேபிள் மடிப்பில் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். கேபிளை மாற்றினால் போதும். இதைப் பார்க்காமல் ஹெட் போச்சு என்று சொல்லும் கடை இருந்தால் வேறு கடைக்குப் போங்கள்.

கோடு எங்குமே மறையவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டியதுதான். எல்லாக் காயில்களின் ரெசிஸ்டன்ஸும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அது ஷார்ட். இங்கேதான் பணம் வீணாகிறது. ஷார்ட் ஆன காயில் போர்டில் இருக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் சுட்டிருக்கும். அல்லது டிரான்சிஸ்டர் முதலில் ஷார்ட் ஆகி, காயிலை விடாமல் மின்சாரத்தில் நிறுத்தி எரித்திருக்கும். டிரான்சிஸ்டரைச் சோதிக்காமல் புது ஹெட்டை மாட்டினால், ஆன் செய்த சில விநாடிகளில் அதே பின்னின் காயில் மறுபடி எரியும். எம்எக்ஸ்-80 ஹெட்டை வாடிக்கையாளரே கழற்றி மாட்டும்படிதான் எப்சன் வடிவமைத்தது. அதனால் போர்டைப் பார்க்காமல் ஹெட்டை மட்டும் மாற்றும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அந்த ஹெட் இன்று எளிதில் கிடைக்காத பொருள்.

எம்பிஎஸ்-801 வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அதில் ஒன்பது பின் கிடையாது, ஒரே ஒரு சுத்தியல்தான். தாளுக்குப் பின்னால் வரி வரியாக மேடு வைத்த ரோலர் சுழலும். சுத்தியலும் மேடும் சந்திக்கும் இடத்தில் புள்ளி விழும். ரோலர் தேய்ந்து வரிவரியாக ஆகிவிட்டது என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஜி, பி, ஒய் (g, p, y) போன்ற சின்ன எழுத்துகளின் வால் கோட்டுக்குக் கீழே இறங்காததும் கோளாறு அல்ல, ஏழு புள்ளி உயரத்துக்குள் அதற்கு இடமில்லை.

1984ல் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போய், பிறகு வெளியே வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஒரே புகாரோடு வருகிறார்கள். "எல்லா வரியும் ஒரே வரி மேலேயே அடிக்குது." பிரிண்டரில் பழுது எதுவும் இருக்காது. வரி மாற்றும் குறியை பிபிசி மைக்ரோ பிரிண்டருக்கு அனுப்பாமல் விழுங்கிவிடும், அதன் இயல்பு அப்படி. கம்ப்யூட்டரில் *எஃப்எக்ஸ் 6,0 (*FX 6,0) என்று அடித்தால் அனுப்பும். அல்லது பிரிண்டருக்குள் இருக்கும் குட்டி டிப் சுவிட்சில் வரியைத் தானாக மாற்றும் ஆட்டோ லைன்ஃபீடை ஆன் செய்யலாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் வரிக்கு வரி ஒரு காலி இடம் விழும். ஆனால் டிப் சுவிட்சைத் தொடும் முன் இருக்கும் நிலையை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவல் எல்லோரிடமும் இருப்பதில்லை.

தமிழ் அடிக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. பிரிண்டரின் சிப்பில் தமிழ் எழுத்து இல்லை, படமாகத்தான் அடிக்க வேண்டும். ஒரு ஓட்டத்துக்கு எட்டுப் புள்ளி உயரம்தான் கிடைக்கும் என்பதால் கொம்பும் சுழியும் தெளிவாக வர இரண்டு ஓட்டமாவது வேண்டும். படம் அடிக்க வைக்கும் கிராஃப்ட்ராக்ஸ் சிப் போடாத ஆரம்பகால எம்எக்ஸ்-80ல் அந்தப் பட வசதியே கிடையாது. பக்கம் பக்கமாகப் படம் அடித்தால் ஹெட் கை சுடும் அளவுக்குக் காயும். நடுவே நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஓடும்போது செய்யக் கூடாதவை இரண்டு. பவர் இருக்கையில் ரோலர் குமிழைக் கையால் திருகக் கூடாது. மோட்டார் ரோலரைப் பிடித்துக்கொண்டிருக்கும், பல்சக்கரம்தான் உடையும். தாளை நகர்த்த எல்எஃப் பட்டன் இருக்கிறது. இரண்டாவது, கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஆனில் இருக்கும்போது கேபிளைச் சொருகவோ பிடுங்கவோ கூடாது. யுஎஸ்பி பழக்கத்தில் இதைச் செய்து கமடோர் 64ன் உள்ளே இருக்கும் சிப்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மறுபடி பரணில் ஏற்றுவதாக இருந்தால் ரிப்பனைக் கழற்றி, காற்றுப் புகாத பையில் தனியாக வையுங்கள். பிரிண்டரைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினால் நம் ஊர் ஈரம் உள்ளேயே நின்று துரு பிடிக்கும். பழைய வேட்டித் துணி போதும். பாச்சை உருண்டையை மூடிமேல் வைக்காதீர்கள், சில பிளாஸ்டிக்குகள் அதில் இளகிப்போகும். இனி வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்தால் காயலான் கடையில் எடைக்குப் போடும் முன் எங்களைப் போன்ற யாரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள். ஓடாத எம்எக்ஸ்-80யின் குமிழும் மூடியும் தாளை இழுக்கும் டிராக்டரும் ஓடுகிற இன்னொன்றுக்குத் தேவைப்படும்.