வேறு யாராவது வைத்திருப்பார்கள் என்று எடைக்குப் போடாதீர்கள்

மறுபடியும் ஒரு தொலைபேசி அழைப்பு. தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தியவராம். வீட்டை இடிக்கும்போது பரணில் ஃபிலிம் டப்பாக்கள் இருந்தன, பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். "படம் எப்படியும் வேறெங்கேயாவது இருக்கும்ல சார்?" என்று கேட்டார். படப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் என்னால் தாங்க முடியாத கேள்வி இதுதான்.

உலகப் புகழ்பெற்ற இயக்குநர் ஹிட்ச்காக் எடுத்த படமே ஒன்று இன்று எங்கேயும் இல்லை ஐயா! 'தி மவுண்டன் ஈகிள்' அவர் இயக்கி முடித்த இரண்டாவது படம். 1925இல் ஆஸ்திரியாவின் ஓபர்குர்கல் மலைக்கிராமத்திலும் மியூனிக் ஸ்டூடியோவிலும் எடுத்தார்கள். கதை நடப்பது அமெரிக்காவின் கென்டக்கி மலையூர் ஒன்றில். கடைக்காரரும் உள்ளூர் நீதிபதியுமான பெட்டிகுரூ, பள்ளி ஆசிரியை பியாட்ரிஸ் மீது ஆசைப்படுகிறார். அவள் மறுத்ததும் நடத்தை கெட்டவள் என்று பழி சுமத்தி ஊரைவிட்டுத் துரத்துகிறார். மலையில் தனியாக வாழும் ஒருவன் அடைக்கலம் தருகிறான், ஊர் வாயை அடைக்க அவளை மணக்கவும் செய்கிறான். பியாட்ரிஸாக நடித்தவர் நீட்டா நால்டி. இதெல்லாம் அந்தக் காலக் கதைச்சுருக்கங்களும் சில ஸ்டில்களும் சொல்லித் தெரிந்தது. படத்தின் ஒரு அடி ஃபிலிம்கூட இதுவரை கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2010இல் தேடப்படும் படங்கள் என்று 75 பெயர்களை வெளியிட்டபோது முதலில் வைத்தது இதைத்தான்.

ஹிட்ச்காக்கே இதை மோசமான படம் என்றாரே என்பார்கள். சொன்னார்தான். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யும் வாய்ப்பு நமக்கு வேண்டாமா?

தீ விபத்தில்தான் எல்லாம் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். தீயிலும் போயிற்று, 1937இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் பட நிறுவனத்தின் கிடங்கே எரிந்தது. ஆனால் மனிதர்கள் தெரிந்தே அழித்தது ஏராளம். பேசும் படம் வந்ததும் மௌனப் படத்துக்குச் சந்தை இல்லை. கிடங்குக்கு வாடகை, அந்தக் காலத்தில் பயன்பட்ட எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் ஃபிலிமால் தீ பயம், அழித்தால் ஃபிலிமில் இருக்கும் வெள்ளி கிடைக்கும். ஒரு பிரிண்ட்டை அழித்தவர் இன்னொன்று எங்கோ இருக்கும் என்று நினைத்தார். அந்த இன்னொன்றை வைத்திருந்தவரும் அதையேதான் நினைத்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2013 ஆய்வின்படி, அந்நாட்டின் மௌனக் கதைப்படங்கள் ஏறக்குறைய 11,000இல் முதலில் வெளியான 35 மி.மீ. வடிவில் முழுசாக இருப்பவை 14 சதவீதம்தான். நம் பக்கம் நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படம் 'கீசக வதம்' சுத்தமாக இல்லை.

கிடைப்பவை எங்கிருந்து கிடைக்கின்றன தெரியுமா? ஹிட்ச்காக் உதவி இயக்குநராக வேலை பார்த்த 'தி ஒயிட் ஷேடோ'வின் மூன்று ரீல்கள் 2011இல் நியூஸிலாந்தில் அடையாளம் காணப்பட்டன. ஒரு புரொஜக்டர் ஆபரேட்டர் சேர்த்து வைத்திருந்தவை அவை. டப்பாவில் சரியான பெயர்கூட இல்லை. உங்கள் வீட்டுப் பரணும் அப்படிப்பட்ட இடமாக இருக்கலாம்.

சரி, டப்பா கிடைத்தால்? 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. என்றால் நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புரொஜக்டரில் ஓட்டாதீர்கள். நைட்ரேட்டா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டிக் கொளுத்தாதீர்கள், இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள்! எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ தெரிந்தால் பிரிக்க வேண்டாம். மொட்டை மாடி அறையிலிருந்து இறக்கி, அடுப்பும் வெயிலும் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். பஸ் பார்சலில் அனுப்பவே கூடாது. டப்பாவையும் அதில் ஒட்டிய சீட்டையும் போட்டோ எடுத்து, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள், எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களிடமே கேளுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலச்சுருளை வீசிவிடாதீர்கள். ஹார்டு டிஸ்க் ஒருநாள் படுத்துவிடும். நாளை இன்னும் நல்ல ஸ்கேனர் வரும்போது அதில் போட அந்தச் சுருள்தான் வேண்டும்.